திருப்பித் தைத்த காலர்

கேட்டுக் கொக்கியில் பை இல்லை.

அவள் கொக்கியைக் கையால் தொட்டுப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தட்டுப்படுமா என்ன? இருந்தும் தொட்டாள். கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். செடித்தொட்டிகளை நகர்த்தினாள். மீட்டர் பெட்டிக்கு மேலே, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், எதிர்வீட்டுச் சுவரோரம் என்று தேடினாள். காற்றுக்கு விழுந்திருக்கலாம், நாய் இழுத்துப் போயிருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் நாய் எங்கும் கொண்டுபோகவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாடி ஜன்னலுக்குப் பின்னால் இருமல் கேட்டது. இருமி முடிந்ததும் அத்தையின் குரல்.

"கெடச்சுதா?"

"இதோ எடுக்கிறேன் அத்தை."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியாரிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சொல்லும் அளவுக்கு அவர்களுக்குள் பேச்சே நடந்ததில்லை.

அன்று விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. மாமா போய்விட்டார். உடம்பை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கிருந்து நேராகத் தகன நிலையத்துக்கு; வீட்டிலிருந்து ஒருவர் வரலாம், அதுவும் தள்ளி நிற்க வேண்டும். அவள் கணவன் முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டு கிளம்பினான். அம்மாவிடம் சொல்லும் வேலையை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். அத்தைக்கும் நோய். மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாளே அத்தை மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் ஒரு ஸ்டூல். அதில் தட்டை வைத்துவிட்டு இவள் இறங்கியதும் கதவு திறக்கும், மூடும்.

மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு செய்தியைச் சொன்னாள். உள்ளே அழுகை எதுவும் கேட்கவில்லை. நாற்காலி ஒன்று நகர்ந்தது. அவ்வளவுதான். அவள் படியில் கால் வைக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நின்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சட்டை எங்க?"

"எந்தச் சட்டை அத்தை?"

"போட்டுட்டுப் போனாரே. ஆஸ்பத்திரியில கவர்ல போட்டு அனுப்பினாங்கல்ல?"

"வெளியில வெயில்ல தொங்க விட்டிருக்கேன். தொடக் கூடாதுன்னு சொன்னாங்க, அதான்..."

"உனக்குத் தொடக் கூடாது. எனக்குத்தான் அது ஏற்கெனவே வந்து உக்காந்திருக்கே. இதுக்கு மேல என்ன பண்ணிடப் போகுது? எடுத்துட்டு வா."

முகம் பார்க்கக் கிடையாது, கை தொடக் கிடையாது. அந்தச் சட்டை ஒன்றுதான். அதை எடுக்கத்தான் இறங்கி வந்தாள்.

வெளிர் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. மாமா ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். ஸ்டியரிங் பிடித்த காலத்தில் காக்கி, அதற்குப் பிறகு இந்த நீலம். காலர் தேய்ந்து நார் நாராகப் போனபோது அத்தை காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் அடியில் வரும்படி திருப்பித் தைத்தாள். அதோடு விடவில்லை. தேய்ந்த இடம் யார் கண்ணிலும் படக் கூடாதென்று அதன் மேல் ஒரு துணிப்பட்டை வைத்து மூடித் தைத்தாள். மாமா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்று, "வண்டிக்குப் புது டயர் போட்டாச்சு. இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்றார்.

ஓடவில்லை.

சட்டை வந்த அன்று அதன் பிளாஸ்டிக் கவர் வெயிலில் வேர்த்துப்போய் உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. துணி பூஞ்சை பிடித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. கையுறை மாட்டிக்கொண்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிப்பைகளில் கைக்கு வந்த ஒன்றை எடுத்து, சட்டையை அதற்குள் மாற்றிக் கொக்கியில் மாட்டினாள். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டாள். அந்தப் பை பச்சை.

சுற்றியுள்ள நாலு தெருவுக்கும் தெரியும், கொக்கியில் பச்சைப் பை தொங்கினால் அது அத்தையின் குழுவுக்கான பழந்துணி என்று. மூன்று நாள் வெயிலில் விட்டுவிட்டு வந்து எடுத்துப்போவார்கள். அந்தப் பைகளைத் தைத்ததே அத்தைதான். மற்ற வீட்டு மருமகள் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். பை தைத்த வீட்டு மருமகள் செய்தாள்.

சனிக்கிழமைதோறும் கீழ் அறையில் கூடி ஒட்டுப்போர்வை தைப்பார்கள். பழந்துணியைச் சதுரமாக வெட்டி, இணைத்து, நடுவே பஞ்சும் அடியில் ஒரு துணியும் வைத்துத் தைக்கிற போர்வை. ஆதரவற்றோர் விடுதிக்கு, தெருவோரம் படுப்பவர்களுக்கு என்று கொடுப்பார்கள். "வந்தாச்சுடா ஊசிப் பட்டாளம், காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்க, தரையெல்லாம் குண்டூசி" என்று மாமா மகனை எச்சரிப்பார். ஊருக்குள் நோய் வந்தபின் ஒன்றுசேர முடியவில்லை. ஆனால் அத்தை நிறுத்தவில்லை. துணி ஒரு வீட்டில் கொதிக்கும், ஒரு வீட்டில் வெட்டுப்படும், ஒரு வீட்டில் சேரும். இப்போது தைப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு. வார்டு போர்வை போதவில்லை.

"இந்தப் பழந்துணிப் பைங்கதான் வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுச்சு" என்று அவள் கணவன் போன வாரம் படிக்கட்டில் நின்று கத்தினான். மாடிக் கதவு மூடியிருந்தது. மூடிய கதவுக்குக் காது இல்லையா?

அவளும் ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தாள். அவள் இணைத்த இரண்டு சதுரத்தை அத்தை தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அத்தை நூலைப் பிரித்தாள். டக், டக், டக். அந்தச் சத்தம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவளுக்குச் சமையலறையில் வேலை இருந்தது.

அவள் தெருக்கோடியிலிருந்த நர்ஸம்மா வீட்டுக்கு ஓடினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், பைகளைச் சேகரித்துக் கொதிக்க வைப்பது அவள் பொறுப்பு. பின்கட்டில் பெரிய பாத்திரம் அடுப்பில் இருந்தது, ஆவியில் அவள் கண்ணாடி வெளுத்திருந்தது.

"பச்சைப் பையா? ஆமா, நேத்தே எடுத்தேனே. மூணு நாள் முடிஞ்சுதான்மா எடுத்தேன், சட்டத்தை மீறல. ஏன், ஏதாவது தவறிப் போட்டுட்டியா? தங்கம் கிங்கம் இருந்துச்சா?"

"மாமா சட்டை."

"அதனால என்ன, வந்தா வேற சட்டை வாங்கிக்கட்டும். எப்படி இருக்காரு இப்ப?"

அவள் முகக்கவசத்துக்கு மேலே இருந்த கண்கள் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸம்மா கையிலிருந்த நீளக் கழியைப் பாத்திரத்தின் மேல் குறுக்கே வைத்தாள். ஒரு அடி முன்னால் வந்தாள், பிறகு நினைவு வந்து நின்றுவிட்டாள். இருவருக்கும் நடுவே ஈரத்துணிக் கொடி தொங்கியது.

"எப்ப?"

"விடியக்காலம்."

"அக்கா?"

"சட்டை கேக்கிறாங்க."

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடியும் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "நல்லாக் கொதிக்க வெச்சுட்டேனேம்மா" என்றாள். "ரெண்டு தண்ணி."

அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் புரிந்தது. வேர்வையோ, அவர் போட்டுக்கொள்ளும் பவுடரோ, எதுவும் இனி அந்தத் துணியில் இருக்காது.

"சலூனுக்குப் போயிருக்கு. ஓடு. இன்னும் வெட்டாம இருந்தாலும் இருப்பான்."

சலூன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். முடி வெட்டுகிற நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் துணியை விரித்து, அட்டையை வைத்துச் சலூன்காரர் வெட்டிக்கொண்டிருந்தார். கடை திறக்கக் கூடாது என்று ஆனபோது, சும்மா இருந்தால் கை மறந்துவிடும் என்று அத்தையிடம் வேலை கேட்டு வந்தவர். பட்டாளத்தில் ஒரே ஆண்பிள்ளை. கண்ணாடிக்குள் இன்னொரு சலூன்காரர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. என்ன, அண்ணன் டிஸ்சார்ஜா? வந்ததும் சொல்லு, வீட்டுக்கே வந்து வெட்டி விடறேன். இந்தத் தரையில முடி விழுந்து எத்தனை மாசமாச்சு. காடு மாதிரி வளத்து வெச்சிருப்பாரு."

அவள் சொன்னாள். இந்த முறை வாய் திறந்து சொன்னாள். சட்டையைப் பற்றியும் சொன்னாள்.

கத்தரிக்கோல் நின்றது. அவர் பலகையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மெதுவாக நாற்காலிக்குப் பின்னால் போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். அதில் சதுரத்துக்கு உதவாத துண்டுகள் இருந்தன. அவர் துழாவி வெளிர் நீலத்தில் ஒரு காலரை எடுத்தார்.

"அண்ணன் வந்து உக்காந்ததும் வெள்ளைத் துணியைப் போத்திடுவேன் தங்கச்சி. சட்டை என்னன்னு எங்க பாக்கிறது? கொதிச்சு வந்துட்டா எல்லாத் துணிக்கும் ஒரே முகம்தான். ஆனா காலரை மட்டும் உள்ள மடிச்சு விடுவேன். காலையில இதை வெட்டி எடுக்கும்போது விரல் ஒரு மாதிரி நின்னுச்சு. இந்தப் பட்டையை எங்கயோ தொட்டிருக்கோமேன்னு நெனச்சேன். நெனச்சுட்டு..." காலரை நீவிவிட்டார். "நெனச்சுட்டு வெட்டிட்டேன்."

"மிச்சம்?"

"சதுரமெல்லாம் டீச்சர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுது."

கை நீட்டும்போது விரல் பட்டுவிடக் கூடாதென்று, காலரைப் பலகையின் இந்தக் கோடியில் வைத்துவிட்டு அவர் அந்தக் கோடிக்கு நகர்ந்து நின்றார். அவள் எடுத்துக்கொண்டாள். அவள் ஷட்டருக்கு வெளியே நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குள் இருந்த சலூன்காரர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார் ஓட்டப் பழக்குகிற டீச்சர் வீட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தம் வாசலுக்கே கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. போர்வை மேசையிலிருந்து வழிந்து தரை வரை கிடந்தது. சிவப்பு, பழுப்பு, பூப்போட்டது, பள்ளிச் சீருடைப் பச்சை, எல்லாவற்றுக்கும் நடுவே நான்கு வெளிர் நீலச் சதுரங்கள் ஒரே வரிசையில். வெள்ளைக் கோடுகள் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தி, இடையில் வெட்டே படாததுபோல் ஓடின.

டீச்சருக்கு நர்ஸம்மா போன் செய்து சொல்லிவிட்டிருந்தாள். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். "நடுவுல வெச்சேன்" என்றாள். "பாக்க நல்லா இருந்துச்சு, அதான் நடுவுல வெச்சேன்."

"பிரிக்க முடியுமா?"

"பிரிச்சுடலாம். இதென்ன பெரிய விஷயம். இன்னைக்கு வண்டியில ஒண்ணு கொறையும், கொறைஞ்சா கொறையட்டும். அக்கா கேட்டதுக்கப்புறம் என்ன யோசனை."

டீச்சர் பிளேடு எடுத்தாள். நீலத்தைச் சுற்றி நூல் அறுபட ஆரம்பித்தது. டக், டக். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா படுத்திருந்த கட்டிலுக்கு இந்நேரம் வேறு யாரையாவது கொண்டுவந்து போட்டிருப்பார்கள். காய்ச்சலில் குளிர் நடுக்கும் என்று மாமா கடைசியாகப் பேசிய போனில் சொன்னார். "ஃபுட்போர்டுல நின்னுட்டுப் போற மாதிரி நடுங்குதும்மா." நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வந்தது. மாடி அறையில் நாற்காலி நகர்ந்த சத்தம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

நான்கு சதுரம் கழன்று வந்தது. போர்வைக்கு நடுவில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக மேசை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். நான்கு சதுரம், ஒரு காலர். இதைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்துவிட்டு, இதுதான் சட்டை என்று எப்படிச் சொல்வது? தையல் பெட்டியை எடுத்தாள். முதுகு எது, மார்பு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோடு போகிற திசையை வைத்துக் குத்துமதிப்பாக அடுக்கினாள். இரண்டு மேலே, இரண்டு கீழே. தைத்தாள். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. இடைவெளி விட்டு, கோணிக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த அதே பல்லு விழுந்த தையல். காலரை மேல் விளிம்பில் வைத்து ஓட்டுத் தையல் போட்டாள். தூக்கிப் பார்த்தபோது அது சட்டையாகவும் இல்லை, போர்வையாகவும் இல்லை. குழந்தைக்குக் கழுத்தில் கட்டிவிடும் துணி போல இருந்தது.

ஒரு தட்டில் ரொட்டியும் பாலும், பக்கத்தில் அது. ஸ்டூலில் வைத்துவிட்டு இறங்காமல் நின்றாள்.

"அத்தை, பச்சைப் பையில மாத்தி மாட்டினது நான்தான். அவங்க மேல தப்பில்ல."

கதவு திறந்தது. கை மட்டும் வந்தது. முதலில் துணியை எடுத்தது. தட்டு அங்கேயே இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"யாரு வெட்டினது?"

"சலூன்காரர்."

"நேரா வெட்டியிருக்கான்."

உள்ளே ஒரு இழுப்பறை திறந்து மூடியது.

"கீழ போ. இங்க நிக்காத, ஒட்டிக்கும்."

அவள் நாலு படி இறங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. டக். நூல் அறுபடுகிற சத்தம். டக், டக். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குமா? இன்றைக்குக்கூடவா அத்தையால் அந்தத் தையலைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை? முதல்முறையாக அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. மாமாவுக்காகத்தான் அழுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அழுதாள்.

கணவன் மத்தியானம் தாண்டி வந்தான். கேட்டுக்குள் வந்ததும் தோட்டக் குழாயைத் திறந்து உடுத்திய துணியோடு தலையில் பிடித்துக்கொண்டான். அவள் துண்டோடு தள்ளி நின்றாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"பாத்தீங்களா?"

"என்னத்தைப் பாக்க? மூட்டையா கட்டி ஒரு நம்பர் ஒட்டியிருந்தாங்க. நான் தப்பான வண்டி பின்னாடியே கொஞ்ச தூரம் போயிட்டேன். அப்புறம் கூப்பிட்டாங்க, சார், உங்களுது இது இல்லன்னு." தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டே இருந்தது. "அம்மா சாப்பிட்டாங்களா?"

அவள் மேலே பார்த்தாள்.

வெயில் தாழ்ந்தபோது அத்தை கூப்பிட்டாள். அவள் போய் நிற்பதற்குள் எல்லாம் வெளியே ஸ்டூலில் இருந்தது. ரொட்டியைப் பாதி தின்றிருந்தாள். பால் முழுவதும் காலி.

"அதை எடுத்துக் கொதிக்க வை. நான் தொட்டது, நல்லாக் கொதிக்கணும். நாளைக்குப் பையில போட்டுத் தொங்க விடு. மூணு நாளாகட்டும். டீச்சர் போன்ல சொன்னா, அவகிட்ட நடுவுல ஓட்டையோட ஒண்ணு கெடக்குதாம்ல?"

"ஆமா அத்தை."

"அதுல வெச்சுத் தைக்கச் சொல்லு." இருமல் வந்தது. அடங்கிய பிறகு, "ரெண்டு கீழ, ரெண்டு மேல இருந்தா நடுவுல சேராது. வரிசையா நாலும் வரணும். அந்த ஒரு இடத்தை மட்டும் பிரிச்சு நீயே மாத்தித் தெச்சுக் குடு" என்றாள்.

அவள் சதுரங்களை எடுத்து விரித்தாள். அவற்றை இணைத்த அவளுடைய தையல் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பல்லு விழுந்தது பல்லு விழுந்தபடியே இருந்தது. காலர் மட்டும் இல்லை. தட்டில், தின்னாத ரொட்டிக்குப் பக்கத்தில், கையளவு நீளத்தில் ஒரு நீலத் துணிப்பட்டையும், பொடிப்பொடியாக அறுத்த நூலும் கிடந்தன.

மறுநாள் காலை அவள், வரிசையாக மாற்றித் தைத்த சதுரங்களைப் பச்சைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனாள். கணவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பையைப் பார்த்தான்.

"இன்னுமா இது?"

"அத்தை குடுக்கச் சொன்னாங்க."

அவன் அவளுக்கு வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டான்.

கொக்கியில் பையை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். மாடி ஜன்னல் திறந்திருந்தது. விளிம்பில், வெயில் படுகிற இடத்தில், ஒரு நீலக் காலர் விரித்து வைக்கப்பட்டிருந்தது. காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன் மேல் அத்தையின் கத்தரிக்கோல். பட்டையைப் பிரித்து எடுத்த பக்கம், நார் நாராகத் தேய்ந்து, கொதித்தும் போகாத கழுத்து அழுக்கு பழுப்புக் கோடாக ஓடிய பக்கம், மேலே இருந்தது.